இருபது லட்சமா, ஐந்தரை லட்சமா: தங்கை மகளுக்காகப் போட்ட கல்லூரிக் கணக்கு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த மூன்றாம் நாள் இரவு தங்கை போன் செய்தாள். "அண்ணே, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒரு லட்சம் கட்டணுமாம். இல்லன்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் போயிருமாம். என்ன செய்யட்டும்?"

அவள் மகளுக்குப் பொறியியல் கட்-ஆஃப் 176. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று 200க்குப் போடும் கணக்கில் இது நல்ல மதிப்பெண்தான், ஆனால் கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்காது. ஏப்ரலில் தானே தேர்வு வைத்து மாணவர் சேர்க்கும் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் (டீம்டு யுனிவர்சிட்டி) நுழைவுத்தேர்வை எழுதியிருந்தாள். அங்கிருந்துதான் அந்த அழைப்பு. படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம், விடுதியும் சாப்பாடும் ஒன்றரை லட்சம். நான்கு வருடத்துக்கு இருபது லட்சம்.

வங்கியில் மூன்று கிளைகளில் பதினோரு வருடம் கல்விக்கடன் மேசையில் உட்கார்ந்தவன் நான். அதனால்தான் என்னைக் கேட்டாள். ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984க்குப் பிறகு வந்தவை. 1991இல் அப்பா என்னை அப்படி ஒன்றில் சேர்த்தார். நன்கொடைக்காக சாத்தூர் பக்கம் இருந்த ஒரு ஏக்கர் கரிசல் நிலம் போனது. அதற்கு அடுத்த வருடம்தான் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் மாநிலச் சட்டம் வந்தது. மதிப்பெண் வரிசைப்படி அரசே கல்லூரி இடங்களைப் பங்கிடும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது 1997இல். நான் படித்து முடித்து, எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதக்கூடிய வங்கித் தேர்வை எழுதி வேலைக்குப் போனேன். தங்கை பன்னிரண்டாவது முடித்தது 1996. அப்போது வீட்டில் விற்க நிலம் இல்லை, வட்டிக் கடன் மட்டும் இருந்தது. அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்தாள், இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் நிறுத்தினாள், தையல் கற்றுக்கொண்டாள். என்னைவிட நன்றாகப் படிப்பவள் அவள்.

ஆகவே அவள் கேட்டபோது இது எனக்கு வெறும் வங்கிக் கணக்காக இருக்கவில்லை. "நாளைக்கு எதுவும் கட்டாதே, நான் ஞாயிற்றுக்கிழமை வர்றேன்" என்றேன்.

அந்த 'நாளை மத்தியானம்' பற்றி ஒரு வார்த்தை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதங்களிலேயே இடத்தை உறுதி செய்யச் சொல்லும். அரசுக் கலந்தாய்வு ஜூலையில்தான் சூடுபிடிக்கும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மாத பயம்தான் பல குடும்பங்களைக் கையெழுத்துப் போட வைக்கிறது. கட்டிய பிறகு விலகினால் பணம் திரும்ப வருமா? 2024-25ஆம் கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தரவேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருந்தது. விதி ஒவ்வொரு வருடமும் அறிவிக்கப்படுவது என்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். விதி இருந்தாலும், திரும்ப வாங்க நடையாய் நடந்த பெற்றோரை எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். மாப்பிள்ளை சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சூப்பர்வைசர். தங்கையின் தையலையும் சேர்த்து வீட்டு வருமானம் மாதம் 45,000. சொத்து என்றால் இருக்கும் வீடும், எட்டு லட்சத்துக்கு விலை போகக்கூடிய ஒரு மனையும். பெண்ணுக்கு அடுத்து ஒன்பதாவது படிக்கும் பையன்.

நோட்டில் நான்கு வழிகளை எழுதினோம்: நிகர்நிலையில் கணினி அறிவியல், கலந்தாய்வு வழியாக ஒரு சுயநிதிக் கல்லூரி, கலந்தாய்வு வழியாக அரசுக் கல்லூரியில் சிவில் அல்லது மெக்கானிக்கல், அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல்.

முதலில் விலை. கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் விலைக்கும் உங்கள் பிள்ளைக்கு உண்மையில் ஆகும் விலைக்கும் பெரிய இடைவெளி இருக்கும், அது பெரும்பாலும் கலந்தாய்வுக்குச் சாதகமாகவே இருக்கும். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தது ஆண்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவானால் 55,000. அதே வகுப்பில் அதே பெஞ்சில் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்து உட்காரும் பிள்ளைக்கு 85,000லிருந்து 87,000. இதற்கு மேல் கைமாறுகிற தொகை வேறு கதை.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வில் சேரும் பிள்ளைக்கு அரசு ஆண்டுக்கு 25,000 செலுத்துகிறது. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் இவர்களில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. தாய்மாமன் கணக்கில் வரமாட்டான். தங்கை அந்த பி.ஏ.வை முடித்திருந்தால் இந்தச் சலுகை இல்லை. இதைச் சொன்னதும் அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சேர்ந்தால் படிப்பு, விடுதி எல்லாச் செலவும் அரசுடையது. அப்படி இடம் கிடைக்கும் பிள்ளைக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை, தைரியமாகச் சேர்க்கலாம். எங்கள் பெண் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அது கிடையாது. ஆனால் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும், உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் விரிவாக்கப்பட்டது. சிறிய தொகைதான். ஆனால் மாதாமாதம் பெண்ணின் கணக்குக்கே வரும் பணம், அப்பாவிடம் கேட்காமல் அவள் செலவு செய்யக்கூடிய பணம்.

பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்கள் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதுவும் கலந்தாய்வு வழியில் சேருவோருக்குத்தான் பயன். 2018க்குப் பிறகு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. இது தெரியாமல் அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டு, பிறகு உதவித்தொகை கேட்டு வந்தவர்களை நான் மேசைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது கூட்டல். கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி: சலுகை போக படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 30,000, விடுதி, சாப்பாடு 85,000 வைத்துக்கொள்வோம், தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம். மொத்தம் சுமார் ஐந்தரை லட்சம். அரசுக் கல்லூரி என்றால் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள் முடியும். கலைக் கல்லூரி அதற்கும் கீழே. நிகர்நிலை இருபது லட்சம்.

இருபது லட்சத்தை எப்படிக் கொண்டுவருவது? மனையை விற்றால் எட்டு. மீதி பன்னிரண்டு லட்சம் கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லை; அதற்கு மேல் போனால் சொத்து அடமானம். அதாவது வீட்டுப் பத்திரம். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு அடமானம் இல்லாமலே கடன் கிடைக்கும், எட்டு லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நல்ல திட்டம்தான். அடமானம் இல்லாவிட்டாலும் அசலைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள்.

பத்து சதவீத வட்டி என்று வைத்துப் போட்டோம். வருடத்துக்கு மூன்று லட்சமாக நான்கு முறை வாங்குகிறோம். படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனி வட்டியாகவே போட்டாலும் அந்த ஐந்து வருடத்தில் 4,20,000 சேர்ந்துவிடும். தவணை ஆரம்பிக்கும் நாளில் கடன் 16,20,000. பத்து வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் ஏறக்குறைய 21,400. பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 17,400, ஆனால் மொத்தமாகக் கட்டுவது 31 லட்சத்தைத் தாண்டும்.

அதே பெண் கலந்தாய்வில் சேர்ந்து 4 லட்சம் கடன் வாங்கினால், வட்டியோடு 5,40,000 ஆகும். பத்து வருடத் தவணை மாதம் 7,100 சொச்சம். மனையும் வீட்டுப் பத்திரமும் அப்படியே இருக்கும்.

இந்தத் தவணையைக் கட்டப்போகும் சம்பளம் எது? பெரிய ஐ.டி. நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்கும்போது புதியவர்களுக்குத் தரும் சம்பளம் பல வருடங்களாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் வரும். அதில் 21,400 தவணை போனால் மீதம் 3,600. சென்னையில் ஒரு பி.ஜி. அறைக்குக் கூட அது காணாது. அப்போது யார் கட்டுவது? அச்சகத்தில் நிற்கும் மாப்பிள்ளைதான். அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

விலையுயர்ந்த கல்லூரி தரும் கூடுதல் என்ன என்பதில் நேர்மையாக இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், வேறு வழியில்லாமல் ஆங்கிலமும் இந்தியும் நாக்கில் வந்துவிடும். பாடத்திட்டம் சீக்கிரம் மாறுகிறது. வளாக வேலைவாய்ப்புக்கு வரும் நிறுவனங்களின் எண்ணிக்கை அதிகம். மூன்றரை லட்சத்துக்கு மேலே ஆறு, எட்டு, பத்து லட்சம் தரும் நிறுவனங்களின் தேர்வில் உட்காரும் வாய்ப்பாவது அங்கே இருக்கிறது. விருதுநகரைத் தாண்டாத ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் பெரிய விஷயம். அவளே என்னிடம் சொன்னாள்: "மாமா, அங்க போனா நான் வேற ஆளா ஆயிருவேன்." அந்த ஆசையைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நாம் கொடுக்கும் கூடுதல் பதினான்கரை லட்சத்தில் எவ்வளவு உண்மையில் பிள்ளையின் வாழ்க்கைக்குப் போய்ச் சேருகிறது? மொத்தமாக ஆள் எடுக்கும் நிறுவனம் நிகர்நிலைப் பிள்ளைக்கும் கலந்தாய்வுப் பிள்ளைக்கும் ஒரே சம்பளத்தில்தான் வேலை தருகிறது. பெரிய சம்பளம் தரும் நிறுவனங்கள் நிரல் எழுதும் தேர்வில் வடிகட்டுகின்றன. அதில் மேலே வருவோர் ஒரு வகுப்பில் சிலர்தான். உங்கள் பிள்ளை அந்தச் சிலரில் ஒன்று என்றால், நல்ல கலந்தாய்வுக் கல்லூரியிலிருந்தும் அவள் அங்கே போய்ச் சேர நியாயமான வாய்ப்பு உண்டு. இல்லை என்றால், அந்தப் பத்து லட்ச விளம்பரப் பலகைக்கும் அவளுக்கும் தொடர்பே இல்லை.

அமெரிக்காவில் இதைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002இல் வெளியிட்டது. பெயர் பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போன பிள்ளைகளை, அங்கேயே சேர்ந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விதிவிலக்கு, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள்: அவர்களுக்கு நல்ல கல்லூரி உண்மையில் உதவியது. அந்த விதிவிலக்கு என்னை நிறைய யோசிக்க வைத்தது, ஏனென்றால் எங்கள் வீட்டுப் பெண் அந்தப் பக்கம்தான் வருவாள். ஆனால் அங்கே ஒப்பிட்டது கடினமாக வடிகட்டிச் சேர்க்கும் கல்லூரிகளை. நுழைவுத்தேர்வு எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரு தரவரிசை கொடுத்து, கட்டணம் கட்டுகிறவர்களைச் சேர்க்கும் இடத்துக்கு அதைப் பொருத்த முடியாது. நம் ஊரில் வடிகட்டும் கல்லூரிகள் என்றால் சென்னை ஐ.ஐ.டி., திருச்சி என்.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழக வளாகங்கள், கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்றவை. ஐ.ஐ.டி.யின் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு இரண்டு லட்சம் என்று கேட்டுப் பயந்து விலகுகிறார்கள். ஒரு லட்சத்துக்குக் கீழ் வருமானம் என்றால் அது முழுவதும் தள்ளுபடி, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானம் பார்க்காமல் தள்ளுபடி. அங்கே இடம் கிடைத்தால் கடன் வாங்கியாவது போகலாம் என்பேன்.

நிகர்நிலையிலும் எல்லோருக்கும் ஒரே விலை இல்லை. வேலூர் விஐடியில் நுழைவுத்தேர்வுத் தரவரிசைப்படி ஐந்து கட்டணப் பிரிவுகள் இருக்கின்றன. முதல் பிரிவுக்கும் கடைசிப் பிரிவுக்கும் இடையே கட்டணம் இரண்டு மடங்குக்கு மேல் வேறுபடும். உட்காரும் வகுப்பு ஒன்றுதான். என் கிளையில் கடன் வாங்கிய ஒரு லாரி ஓட்டுநரின் மகள், ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் தரவரிசையால் குறைந்த கட்டணத்தில் சேர்ந்தவள், வேலைக்குப் போன மூன்றே வருடத்தில் கடனை அடைத்தாள். அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவரின் மகன் அதே பல்கலைக்கழகத்தில் அதிகக் கட்டணப் பிரிவில் சேர்ந்தவன். முதல் தவணை நோட்டீஸோடு அப்பாதான் வந்தார். மகன் சென்னையில் மாதம் 18,000க்கு வேலை பார்க்கிறான், போனை எடுப்பதில்லை என்றார். "அவன் மேல தப்பில்ல சார், எடுத்தா என்ன சொல்லுவான்" என்று அவரே மகனுக்காகப் பேசினார். அதற்குப் பிறகு யாருக்குக் கடன் போட்டாலும் அந்தக் குரல் ஞாபகம் வரும்.

எங்கள் பெண்ணுக்கு வந்தது அதிகக் கட்டணப் பிரிவு.

கலந்தாய்வுக் கல்லூரி என்றாலே நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. விலை குறைந்த இடம் வெறும் கட்டடமாக இருந்தால் ஐந்தரை லட்சமும் நான்கு வருடமும் வீண். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது: அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் பல ஊர்களில் முழுநேரப் பேராசிரியர். அப்படிப்பட்ட கல்லூரியில் பாடம் நடத்துவது யார்? அதே வருடம் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. சிவிலையும் மெக்கானிக்கலையும் குறைத்து, கணினி அறிவியல் இடங்களைப் பல கல்லூரிகள் கூட்டிக்கொண்டன. இடம் ஒரு கோடையில் கூடிவிடும். பாடம் சொல்லித்தர ஆள் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. அதனால் 'கணினி அறிவியல் கிடைத்ததா' என்பதோடு கேள்வியை நிறுத்தக் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது? தேசியத் தரவரிசைக்கு, அதாவது என்.ஐ.ஆர்.எஃப்.புக்கு, விண்ணப்பித்த ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தரவுத்தாள் பொதுவில் இருக்கிறது. அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் குறித்த காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று இருக்கும். இடைநிலை என்றால் வேலை பெற்றவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது. விளம்பரப் பலகையில் இருப்பது வரிசையின் முதல் ஆளின் சம்பளம். நாங்கள் மூன்று கல்லூரிகளின் தாள்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அந்த நிகர்நிலைக்கும் மதுரைப் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றுக்கும் இடைநிலைச் சம்பளத்தில் இருந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் குறைவு. மாப்பிள்ளை அந்த எண்ணை நோட்டில் வட்டமிட்டார்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் வெளியிடுகிறது. பாதிப் பேர் கூடத் தேறாத கல்லூரி என்றால் ஒதுக்கிவிடுங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே வினாத்தாள் வைத்துத் தாங்களே திருத்துகின்றன. அவற்றின் தேர்ச்சியை இணைப்புக் கல்லூரியின் தேர்ச்சியோடு ஒப்பிடுவது தப்பு.

அப்புறம், நேரில் போங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு அல்ல, வேலை நாளில் கேன்டீனுக்கு. இரண்டாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் போன செமஸ்டரில் கணிதம் யார் எடுத்தார்கள், நடுவில் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், ஆய்வகத்தில் கணினி எல்லோருக்கும் கிடைக்கிறதா, எத்தனை பேர் அரியர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் மறைக்காமல் சொல்வார்கள். நாங்கள் இரண்டு கல்லூரிகளுக்குப் போனோம். கணினி அறிவியல் நிச்சயம் கிடைக்கும் என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு கல்லூரியில், முதல் வருட இயற்பியலுக்கு ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறியதாக ஒரு பெண் சொன்னாள். எங்கள் பெண் அங்கேயே அதைக் குறித்துக்கொண்டாள்.

அரசுக் கல்லூரியில் சிவில், மெக்கானிக்கல் பற்றி நான் நிறையப் பேசினேன், அவளுக்கு மனம் ஒட்டவில்லை. ஆசை இருக்கும் பிள்ளைக்கு இதைவிட மலிவான நல்ல வழி இல்லை. அரசுத் தேர்வுகளுக்கும் அந்தப் படிப்பு உதவும். ஆசை இல்லாத பிள்ளையை விலைக்காகத் தள்ளினால் மூன்றாம் செமஸ்டரில் நின்றுவிடும்.

கலைக் கல்லூரி பி.எஸ்சி.யை வீட்டில் யாரும் மதிக்கவில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. அரசு கலைக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தவர்களை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்கவைக்கும் திட்டம் விப்ரோவில் இருக்கிறது. எம்.சி.ஏ. இப்போது இரண்டே வருடம். மூன்றும் இரண்டும் ஐந்து வருடத்தில் முதுகலைப் பட்டம், பொறியியலைவிட ஒரு வருடம்தான் கூட. ஜே.இ.இ. என்ற ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வு இல்லாமலே சேரக்கூடிய சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பையும் இதோடு சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வருமானத்தைப் பொறுத்து அதில் கட்டணச் சலுகை உண்டு. தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இது நல்ல வழி. மாதம் இருபதாயிரத்துக்குள் வருமானம் உள்ள குடும்பமாக இருந்தால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

மருத்துவத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்த வேண்டாம். அங்கே படித்து முடித்தால் எல்லோருக்கும் ஒரே உரிமம். அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்குள் கிடைப்பது நிகர்நிலையில் இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு வருடம் காத்திருந்து மறுபடி நீட் எழுதுவது பல வீடுகளில் அந்தக் கடனைவிட மலிவு.

கணக்கெல்லாம் போட்டு முடித்த நேரத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் வந்தார். நோட்டைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு யோசனை, பக்கத்துல இருக்குற காலேஜ்ல சேத்துட்டு மிச்சத்த கல்யாணத்துக்கு வைங்க" என்றார். என் முடிவும் அவர் முடிவும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இருபது லட்சம் வேண்டாம் என்று நான் சொன்னது அவள் பெண் என்பதற்காக அல்ல. நான்கு வருடம் கழித்துத் தம்பி அதே கட்-ஆஃபோடு வந்தாலும் இதே நோட்டு, இதே கூட்டல்தான். கல்விக்கடன் மேசையில் நான் அதிகம் பார்த்தது வேறு மாதிரி: மூத்த பையனுக்கு நிகர்நிலை, அவனுக்காக வைத்த நகையும் மனையும், இரண்டு வருடம் கழித்து வரும் தங்கைக்கு 'பக்கத்துக் கல்லூரி'. எங்கள் வீட்டில் 1991இல் நடந்ததும் அதுதான். ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் இருபது லட்சத்தின் விலையை அடுத்த பிள்ளையும் சேர்ந்து கட்டுகிறது. அந்த இரண்டாவது விலையை எந்தக் கல்லூரியின் கட்டணப் பட்டியலும் காட்டாது. அதனால் ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை வரிசையும் நோட்டில் இருக்க வேண்டும் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் ஒன்பதாவது படிக்கும் பையனின் பெயரையும் கீழே எழுதி, அவனுக்கு நேராக 'மனை' என்று குறித்தாள்.

எந்த வீட்டுக்கு அந்த இருபது லட்சம் சரி? வீட்டுப் பத்திரத்தைத் தொடாமல், அடுத்த பிள்ளையின் பங்கைத் தொடாமல், பெற்றோரின் ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாமல் கட்ட முடிந்தால் கட்டலாம். தரவரிசையால் கட்டணம் பாதியாகக் குறைந்தால் கட்டலாம். கலந்தாய்வில் கிடைக்கும் இடமெல்லாம் ஆசிரியர் இல்லாத கல்லூரிகள்தான் என்று நேரில் பார்த்து உறுதியானால் யோசிக்கலாம். ஆனால் அப்போதும் கலைக் கல்லூரியை இன்னொரு முறை பார்த்துவிட்டு. முழுக் கடனுக்கு வரும் மாதத் தவணை, பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சாதாரண முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன். இது எந்த வங்கி விதியும் இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததில் நானே வைத்துக்கொண்ட அளவு.

ஜூலையில் கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் கொடுக்கும்போது பெண்ணே உட்கார்ந்து வரிசை போட்டாள். அறுபத்துச் சொச்சம் பதிவுகள். மூன்று இயற்பியல் ஆசிரியர்கள் மாறிய கல்லூரியின் கணினி அறிவியலைக் கீழே இறக்கி, மதுரைப் பக்கத்துத் தன்னாட்சிக் கல்லூரியின் இசிஇயை (மின்னணுவியல், தகவல்தொடர்புப் பொறியியல்) அதற்கு மேலே வைத்தாள். "ஏன்டா?" என்று கேட்டேன். "அங்க ஆள் இருக்காங்க மாமா" என்றாள். அந்த இசிஇயே கிடைத்தது. நான்கு லட்சத்துக்கு விண்ணப்பம் போட்டோம், முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் வாங்கினோம். மனைப் பத்திரம் திரும்பவும் பீரோவுக்குள் போனது.

நிகர்நிலையிலிருந்து ஆகஸ்ட் வரை போன் வந்துகொண்டிருந்தது. கடைசி முறை தங்கையே எடுத்தாள். கட்டணத்தில் பத்து சதவீதம் குறைக்கிறோம் என்றார்களாம். "அப்ப மாசத் தவணை எவ்வளவு வருது?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம்.